சாசாராம்: தோற்காத தொகுதி, கிடைக்காத நாற்காலி

அரியலூரைத் தாண்டி ரயில் மருதையாற்றுப் பாலத்தில் ஏறும்போது, பெட்டியில் வயதானவர் யாராவது இருந்தால் 1956 நவம்பர் மாதத்து விபத்தைப் பற்றிப் பேச்செடுக்காமல் இருக்கமாட்டார். அடைமழை, வெள்ளம், பாலத்தடியில் கவிழ்ந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், 140க்கும் மேற்பட்ட சாவுகள். அதற்குப் பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதை நம் மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அவர் எழுந்துபோன நாற்காலியில் அடுத்து உட்கார்ந்தவர் யார் என்று கேட்டால்தான் பதில் வருவதில்லை.

அவர் பாபு ஜெகஜீவன்ராம். பீகாரின் பழைய ஷாகாபாத் மாவட்டத்தில், ஆரா நகரையொட்டிய சந்த்வா கிராமத்தில் 1908 ஏப்ரல் 5 அன்று, தோல் வேலையோடு பெயர் பிணைக்கப்பட்ட சமார் சாதியில் பிறந்தவர். முதல் மக்களவைத் தேர்தலில் இருந்து 1984 தேர்தல் வரை எட்டு முறை நின்றார். எட்டு முறையும் வென்றார். 1936இல் பீகார் மேலவைக்கு நியமன உறுப்பினராகப் போனவர், 1986 ஜூலை 6 அன்று இறக்கும்வரை ஏதாவதொரு சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ இடைவெளியே இல்லாமல் இருந்தார். மொத்தம் 50 ஆண்டுகள். இந்தியாவில் இப்படி இன்னொருவரைக் காட்டுவது கடினம்.

நம் பகுதியும் தனித் தொகுதிக்குள்தான் இருக்கிறது. அரியலூர், ஜெயங்கொண்டம், குன்னம் சட்டமன்றத் தொகுதிகள் மூன்றும் சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் அடக்கம். தேர்தல் வந்துவிட்டால், தனித் தொகுதி யாருடைய தொகுதி என்ற பேச்சு ஊர்த் தெருவிலும் சேரியிலும் வேறு வேறு தொனியில் எழும். 2019இல் 3,219 வாக்கு வித்தியாசத்தில் முடிவு வந்த அந்த இரவை இங்கே யாரும் மறக்கவில்லை. அதனால்தான் தோல்வியே காணாத சாசாராமின் கதையை இந்த வாரம் எடுத்துக்கொள்கிறோம். பாதுகாப்பான தொகுதி என்கிறோமே, அந்தப் பாதுகாப்பு எங்கிருந்து வந்தது, எதுவரை செல்லுபடியானது என்று பார்க்க இதைவிட நல்ல கணக்குப் புத்தகம் இல்லை.

ஆராவில் படித்தபோது பள்ளியில் இந்துக்களுக்கு ஒரு தண்ணீர்ப் பானை, முஸ்லிம்களுக்கு ஒரு பானை. இந்தப் பையன் வந்து குடித்ததும் மூன்றாவதாக ஒரு பானை வைத்தார்கள். அதை அவர் உடைத்தார். மறுபடி வைத்தார்கள், மறுபடி உடைத்தார். கடைசியில் தலைமை ஆசிரியர் தனிப்பானையையே எடுக்கச் சொன்னார். அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் எல்லோரும் இந்தக் கதையைச் சொல்வார்கள். நமக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1935 அக்டோபரில் நடந்தது. தொகுதி வரையறைக்காக வந்த ஹாமண்ட் குழுவின் முன் ராஞ்சியில் ஆஜராகி, தீண்டப்படாதோருக்கு வாக்குரிமை வேண்டும் என்று கேட்டார். வரி கட்டுகிறவனுக்கும் சொத்துள்ளவனுக்கும் மட்டும் ஓட்டு இருந்த காலம் அது. நிலமில்லாதவனுக்கு ஒதுக்கீட்டுத் தொகுதி மட்டும் கொடுத்து ஓட்டு கொடுக்காவிட்டால், அந்த உறுப்பினரை யார் தேர்ந்தெடுப்பார்கள்?

அதே ஆண்டு ஒடுக்கப்பட்ட வகுப்பினர் சங்கத்தை அகில இந்திய அளவில் அமைப்பதில் முன்னின்றார். 1937 தேர்தலில் கிழக்கு மத்திய ஷாகாபாத் கிராமப்புறத் தனித் தொகுதியில் இருந்து போட்டியின்றிப் பீகார் சட்டமன்றம் போனார். காங்கிரஸ் ஆட்சி அமைக்கத் தயங்கிய சில மாதங்களில் முகமது யூனுஸ் தலைமையில் ஒரு சிறுபான்மை அமைச்சரவை அமைந்தது. அதற்கு ஆதரவு கேட்டு வந்தவர்களை இந்த 29 வயது இளைஞர் திருப்பி அனுப்பிவிட்டுக் காங்கிரஸ் பக்கம் நின்றார். அடுத்த 40 ஆண்டுகள் அங்கேதான் இருந்தார்.

பூனா ஒப்பந்தம் பற்றி இங்கே ஒரு வார்த்தை. 1932இல் நம் எம்.சி.ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் கூடக் கையெழுத்திட்ட அந்த ஒப்பந்தப்படி, தனி வாக்காளர் தொகுதி போய், இடங்கள் மட்டும் ஒதுக்கப்பட்டன. வாக்கு எல்லாச் சாதியாருக்கும் பொது. பொது வாக்காளர் கையில் முடிவு இருந்தால், அவர்களுக்குப் பிடித்த தலித்தே வெல்வார் என்பது அம்பேத்கரின் அச்சம். 1946 மாகாணத் தேர்தலில் அவரது பட்டியல் சாதிகள் கூட்டமைப்பு படுதோல்வி அடைந்தபோது, தலித்துகளின் பிரதிநிதி யார் என்ற கேள்விக்குக் காங்கிரஸ் ஜெகஜீவன்ராமைக் காட்டியது. அந்த ஆண்டு அமைந்த இடைக்கால அரசில் அவரே தொழிலாளர் அமைச்சர், அந்த அவையிலேயே இளையவர்.

1952இல் அரசியல் சட்டத்தை வரைந்தவர் பம்பாயில் காங்கிரஸ் நிறுத்திய இன்னொரு தலித் வேட்பாளரிடம் தோற்றார். 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்றார். அம்பேத்கர் ஒருமுறைகூட மக்களவைக்கு வெல்லவில்லை, ஜெகஜீவன்ராம் ஒருமுறைகூடத் தோற்கவில்லை. ஒரே தேர்தல் முறைதான் இரண்டையும் செய்தது. இதைச் சொல்வதால் ஜெகஜீவன்ராமைச் சிறுமைப்படுத்துகிறோம் என்று சில வாசகர்கள் நினைக்கலாம். அவசரப்பட வேண்டாம், கணக்கு இன்னும் முடியவில்லை.

யாருடைய ஓட்டு?

முதல் இரண்டு மக்களவைத் தேர்தல்களில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. ஒரே தொகுதியில் பொது இடம் ஒன்று, ஒதுக்கீட்டு இடம் ஒன்று, வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. 1957இல் சாசாராமில் இருந்து ஜெகஜீவன்ராமோடு சேர்ந்து வென்றவர் ராம் சுபக் சிங். நம் சிதம்பரத்திலும் அதே முறைதான். அந்தத் தேர்தலில் எல்.இளையபெருமாள் இங்கிருந்து ஒதுக்கீட்டு இடத்தில் போனார்.

இந்த முறைக்குச் சாவுமணி அடித்தது ஆந்திரத்தின் பார்வதிபுரம். 1957இல் அங்கே பழங்குடி வேட்பாளர்கள் இருவரே இரண்டு இடத்தையும் பிடித்தார்கள். தோற்றவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி.கிரி. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். அதிக ஓட்டு வாங்கிய ஒதுக்கீட்டு வேட்பாளர் பொது இடத்துக்கும் தகுதியுடையவரே என்று 1959இல் தீர்ப்பு வந்தது. 1961இல் இரட்டைத் தொகுதிகளை ஒழிக்கும் சட்டமும் வந்துவிட்டது! பொது இடத்தைத் தலித்தோ பழங்குடியோ வெல்லலாம் என்று கோர்ட் சொன்ன இரண்டே ஆண்டில்.

அதன்பின் 1962 முதல் சாசாராம் ஒற்றைத் தனித் தொகுதி. நிற்பவர்கள் எல்லோரும் பட்டியல் சாதியினர். ஓட்டுப் போடுகிறவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் பட்டியல் சாதியினர். மீதி ராஜபுத்திரர், பிராமணர், குர்மி, குஷ்வாஹா, யாதவர், முஸ்லிம்கள். சோன் ஆற்றுக் கால்வாய் பாயும் நெல் வயல் பூமி. ஷெர்ஷா கல்லறையை ஒட்டிய சாசாராம் நகரத்தில் இருந்து கைமூர் மலையடிவாரம் வரை நிலம் யார் கையில் இருக்கிறது என்பதே அங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். அன்றைய பீகாரில் மேல்சாதியினர், தலித், முஸ்லிம் மூவரையும் ஒரு குடையில் வைத்திருந்த கட்சி காங்கிரஸ். சாசாராமின் பாதுகாப்பு என்பது அந்தக் குடைதான். டில்லியில் அமைச்சராக இருக்கும் பாபுஜிக்கு ஓட்டுப் போடுவதில் நிலக்கிழாருக்கு நட்டமில்லை. தன் வயலில் கூலி கேட்கிற ஆளுக்கு ஓட்டுப் போடுவது வேறு.

அந்த வேறு கதையும் அதே ஷாகாபாத்தில்தான் நடந்தது. 1967இல் ஆரா பக்கத்து சஹார் சட்டமன்றத் தொகுதியில் ராம்நரேஷ் ராம் என்ற தலித் தொண்டர் மார்க்சிஸ்ட் கட்சி சார்பில் நின்றார். கூலிக்காரர்களை ஓட்டுப் போட விடாமல் தடுத்தவர்களோடு மோதல். அவருக்காக நின்ற ஆசிரியர் ஜெகதீஷ் மாத்தோ கடுமையாகத் தாக்கப்பட்டார். ராம்நரேஷ் தோற்றார். எக்வாரி கிராமத்தில் இருந்து பரவிய போஜ்பூர் நக்சலைட் எழுச்சியின் வேர் அந்த வாக்குச்சாவடிச் சண்டையிலும் இருக்கிறது. ராம்நரேஷ் பல ஆண்டுகள் தலைமறைவாக இருந்து, 1995இல்தான் அதே சஹாரில் எம்.எல்.ஏ. ஆனார். 1967இல் பீகாரில் காங்கிரஸ் ஆட்சியே போயிற்று. இங்கே சிதம்பரம் திமுக அலையில் கைமாறியது. சாசாராமில் மட்டும் பாபுஜி அசையவில்லை.

பாதுகாப்பைக் கொண்டு என்ன செய்தார்

இங்கேதான் அவரை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தொகுதியைப் பற்றிக் கவலைப்படாத ஒரு தலித் அமைச்சர் 30 ஆண்டுகள் டில்லியில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அவருடைய கோப்புகள் சாட்சி. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் (1948), ஈ.எஸ்.ஐ. சட்டம் (1948), பி.எஃப். சட்டம் (1952) எல்லாம் அவர் தொழிலாளர் அமைச்சராக இருந்த காலத்தவை. நூறு நாள் வேலைக்கும் சிமெண்ட் ஆலைக்கும் போகிற நம் மக்கள் கூலியைப் பற்றிச் சட்டம் பேசும்போது அந்த முதல் சட்டத்தின் மேல்தான் நிற்கிறார்கள்.

அரியலூர் விபத்துக்குப் பின் அவர் ரயில்வேக்கு வந்தார் என்றோமே, அதன் பலன் தெற்கு ரயில்வேயிலேயே தெரிந்தது. வேலைக்கு எடுக்கும்போது இடஒதுக்கீடு இருந்தது. ஆனால் கடைநிலையில் சேர்ந்தவர் கடைநிலையிலேயே ஓய்வு பெறுவார். 1959இல் ரயில்வே வாரியம் இரண்டு சுற்றறிக்கைகளில், தேர்வு முறையில் நிரப்பும் பதவி உயர்வு இடங்களிலும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ஒதுக்கீடு கொடுத்தது. அதை எதிர்த்துத் தெற்கு ரயில்வே ஊழியர் ஒருவர் போட்டதுதான் புகழ்பெற்ற ரங்காச்சாரி வழக்கு. சென்னை உயர் நீதிமன்றம் சுற்றறிக்கைகளை ஏற்கவில்லை. 1961இல் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அவற்றைக் காப்பாற்றியது. 1992 மண்டல் தீர்ப்பு இதை மாற்ற, 1995இல் அரசியல் சட்டத்தின் 77ஆவது திருத்தம் மறுபடி கொண்டுவந்தது. இன்று திருச்சி கோட்டத்தில் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் பார்க்கிற தலித் ஊழியருக்கும் இந்த சாசாராம்காரருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

1963இல் காமராஜர் திட்டப்படி பதவி விலகிய மத்திய அமைச்சர்களில் இவரும் ஒருவர். 1966இல் திரும்பி வந்தார். 1969இல் காங்கிரஸ் உடைந்தபோது இந்திரா பக்கம் நின்று அந்த அணியின் தலைவரானார். 1971 வங்கதேசப் போரின்போது பாதுகாப்பு அமைச்சர். அதற்குள்ளாகவே பத்தாண்டு வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய மறந்துபோன விவகாரமும் வந்தது, மறதிக்காரர் என்று இந்திரா காந்தி சமாளித்தார். பான் கார்டு கேட்கப்படுகிற நமக்கு அது சிரிப்பாக இருக்கலாம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. 1975 ஜூலையில் நெருக்கடி நிலைக்கு ஒப்புதல் கேட்கும் தீர்மானத்தை மக்களவையில் கொண்டுவந்தவர் ஜெகஜீவன்ராம்தான். அந்த மிசா காலத்தில் 1977 பிப்ரவரி வரை அமைச்சராக இருந்தார்.

குடையை விட்டு வெளியே

1977 ஜனவரியில் தேர்தல் அறிவிப்பு. பிப்ரவரி 2ஆம் தேதி அவர் காங்கிரஸை விட்டு விலகி, பகுகுணா, நந்தினி சத்பதி ஆகியோருடன் ஜனநாயகக் காங்கிரஸைத் தொடங்கினார். ஆட்டம் அன்றே மாறிவிட்டது என்று அந்தக் காலத்துப் பத்திரிகைக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். ராம்லீலா மைதானத்துக் கூட்டத்துக்கு ஜனங்கள் போகாமல் இருக்க, தூர்தர்ஷனில் பாபி படம் போட்டார்கள் என்பது அப்போதைய டில்லிக் கதை. கூட்டம் வந்தது. பீகாரில் காங்கிரஸுக்கு ஒரு இடம்கூட இல்லை. சாசாராமில் பாபுஜி ஜனதா அணியில் வென்றார். ஆக, குடை மாறியும் தொகுதி நின்றது. இது அவர் சொந்தச் செல்வாக்கு என்று கொண்டாடியவர்கள் உண்டு. ஜனதா அலையில் பீகார் முழுக்க அப்படித்தான் என்பதும் உண்மை.

சோதனை டில்லியில் வந்தது. பிரதமர் யார்? மொரார்ஜி, சரண்சிங், ஜெகஜீவன்ராம் மூவருக்குள் போட்டி. முடிவை ஜெயப்பிரகாஷ் நாராயணனிடமும் கிருபளானியிடமும் விட்டார்கள். மருத்துவமனைப் படுக்கையில் இருந்த சரண்சிங், ஜெகஜீவன்ராம் வேண்டாம், மொரார்ஜியே இருக்கட்டும் என்று கடிதம் கொடுத்தார். நெருக்கடி நிலைத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் என்பது சொல்லப்பட்ட காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் அது மட்டுமே காரணம் என்று நம்மால் நம்ப முடியவில்லை. ஜெகஜீவன்ராம் கோபித்துக்கொண்டு பதவியேற்புக்கே போகவில்லை. ஜே.பி. சமாதானம் சொல்லிச் சில நாள் கழித்து மறுபடி பாதுகாப்பு அமைச்சரானார்.

1978 ஜனவரியில் காசியில் சம்பூர்ணானந்தின் சிலையை அவர் திறந்துவைத்தார். அவர் போன பிறகு சில மாணவர்கள் அந்தச் சிலையைக் கங்கை நீர் ஊற்றிக் கழுவினார்கள். முப்படைகளுக்கும் பொறுப்பான அமைச்சர் தொட்ட கல் தீட்டாகிவிட்டதாம். ஆரா பள்ளிக்கூடத்துப் பானைக்கும் காசிச் சிலைக்கும் நடுவே அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியிருந்தது.

1979 ஜூலையில் மொரார்ஜி அரசு கவிழ்ந்தது. சரண்சிங் பிரதமரானார், நாடாளுமன்றத்தைச் சந்திக்காமலே ஆகஸ்ட் 20இல் பதவி விலகினார். ஜனதா நாடாளுமன்றக் கட்சித் தலைவராக அப்போது இருந்த ஜெகஜீவன்ராம், தனக்குப் பெரும்பான்மை இருக்கிறது, வாய்ப்புக் கொடுங்கள் என்றார். குடியரசுத் தலைவர் சஞ்சீவ ரெட்டி அவரை அழைக்கவில்லை. ஆகஸ்ட் 22இல் மக்களவையைக் கலைத்து, சரண்சிங்கையே காபந்துப் பிரதமராக வைத்தார். பெரும்பான்மை இருக்கிறதா என்று அவையில் எண்ணிப் பார்க்கும் வாய்ப்புக்கூட அந்த மனிதருக்குத் தரப்படவில்லை. எட்டுத் தேர்தல்களிலும் அவரை எண்ணிப் பார்த்துத்தான் அனுப்பினார்கள் சாசாராம் மக்கள்.

1980இல் ஜனதா அவரைப் பிரதமர் வேட்பாளராகவே அறிவித்தது. ஒரு தலித்தைப் பிரதமராக முன்னிறுத்தி ஒரு பெரிய கட்சி தேர்தலைச் சந்தித்தது. நாடு முழுக்க 31 இடங்கள். சாசாராம் அப்போதும் அவருக்கே.

பிறகு ஜனதாவும் இல்லை. 1981இல் தன் பெயரிலேயே காங்கிரஸ் (ஜெ) என்று ஒரு சிறு கட்சி. 1984 டிசம்பரில் இந்திரா கொலைக்குப் பின் வந்த அனுதாப அலையில் ராஜீவ் காங்கிரஸ் 400 இடங்களைத் தாண்டியது. 76 வயதில், எந்தக் குடையும் இல்லாமல் சாசாராமில் நின்றார் பாபுஜி. வாழ்க்கையிலேயே முதன்முறையாக அவர் தொகுதியில் எண்ணிக்கை முடியும்வரை யாருக்கும் எதுவும் உறுதியில்லை. ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு வித்தியாசத்தில் வென்றார்.

நம் கணக்கில் இந்த எட்டாவது வெற்றிதான் அவருடையது. முந்தைய ஏழும் கட்சியும் அலையும் பங்கு கேட்கக்கூடியவை. இதில் பங்கு கேட்க யாரும் இல்லை.

அவர் இறந்து மூன்றாண்டு கழித்து, 1989 தேர்தலில் மகள் மீரா குமார் காங்கிரஸ் சார்பில் அதே சாசாராமில் நின்று, ஜனதா தளத்தின் சேதி பாஸ்வானிடம் தோற்றார். 1991இலும் தோல்வி. 1996, 1998, 1999 மூன்றிலும் பாஜகவின் முனிலால். மேல்சாதியினர் பாஜகவுக்கும், பிற்படுத்தப்பட்டோர் ஜனதா தளத்துக்கும் போன பிறகு பழைய குடையில் கம்பிதான் மிச்சம். மீரா குமார் 2004, 2009 இரண்டில் வென்று மக்களவைத் தலைவரானார், 2014இல் மறுபடி தோற்றார், 2019இலும் தோற்றார். இரண்டு முறையும் எதிரே இருந்தவர் பாஜகவுக்குப் போய்விட்டிருந்த அதே சேதி பாஸ்வான். 2024இல் காங்கிரஸின் மனோஜ் குமார் அந்த இடத்தைப் பாஜகவிடம் இருந்து பிடித்தார். சாசாராமைப் பாதுகாப்பான தொகுதி என்று இப்போது எந்தக் கட்சியும் சொல்வதில்லை.